பெரிய தோட்டா பிழை பொறுக்குமா?

வாசகர் கேள்வி, செப்டம்பர் 2

நான்கு ஆண்டுகளாக .308 வின்செஸ்டர் ரைபிளுடன் வேட்டைக்குப் போகிறேன். உரிமமும் பருவ அனுமதியும் முறையாக உண்டு. சென்ற பருவத்தில் சரிவின் கீழே, சுமார் 150 மீட்டரில் நின்ற ஒரு காட்டுப்பன்றியைச் சுட்டேன். அடி பட்டது உறுதி. ஆனாலும் ஓடிவிட்டது. இருட்டும்வரை தேடியும் கிடைக்கவில்லை. கூட வந்தவர்கள் எல்லோரும் ஒரே குரலில் சொன்னார்கள்: ".300 வின்செஸ்டர் மேக்னமாக இருந்திருந்தால் இடம் கொஞ்சம் பிசகியிருந்தாலும் அங்கேயே படுத்திருக்கும்." துப்பாக்கியை மாற்றிவிடலாம் என்றிருக்கிறேன். சரிதானா? மாற்றினால் எந்த ஸ்கோப் பொருத்துவது?

செப்டம்பர் 2, இரவு

மாற்றாதீர்கள்.

இரண்டு தோட்டாக்களையும் அருகருகே நிறுத்திப் பாருங்கள். மேக்னத்தின் உறை நீளம், பருமன், எல்லாம் கூடுதல். ஆனால் நுனியில் இருக்கும் குண்டின் விட்டம் இரண்டிலும் ஒன்றுதான், 7.82 மில்லிமீட்டர். 1952இல் வந்த .308 தள்ளுகிற அதே பருமன் குண்டைத்தான் 1963இல் வந்த .300 மேக்னமும் தள்ளுகிறது, கூடுதல் வெடிமருந்து போட்டுக் கூடுதல் வேகத்தில். அந்த வேகத்துக்கு 400 மீட்டரில் ஒரு பொருள் இருக்கிறது. 150 மீட்டரில் தவறான இடத்தில் பட்ட குண்டை அது சரியான இடத்துக்கு நகர்த்திவிடாது.

ஸ்கோப் பற்றிப் பிறகு பேசுவோம். முதலில் இதற்குப் பதில் சொல்லுங்கள். சுட்டவுடன் பன்றி என்ன செய்தது? நின்ற இடத்தில் என்ன கிடந்தது, ரத்தமா, முடியா, எலும்புத் துணுக்கா? ரத்தம் என்ன நிறம்? எவ்வளவு நேரம் கழித்துத் தேடப் போனீர்கள்?

செப்டம்பர் 3

பதில் வரும்வரை என் கதையைச் சொல்கிறேன். "மாற்றாதீர்கள்" என்று ஒரே வார்த்தையில் எழுதியதற்குக் காரணம் இதுதான்.

நானும் மாறினேன். வேட்டைக்குப் போகத் தொடங்கிய மூன்றாம் ஆண்டு, இதே பேச்சைக் கேட்டு, இதே .300 மேக்னம் வாங்கினேன். ஏறத்தாழ ஒரே எடையுள்ள துப்பாக்கியில் அது .308 உதைப்பதைப்போல ஒன்றரை மடங்கு உதைக்கும். பயிற்சித் திடலில் முதல் நாள் பத்துத் தோட்டா சுட்டேன். ஐந்தாவதில் ஸ்கோப்பின் விளிம்பு புருவத்தைக் கிழித்தது. தழும்பு இன்னும் இருக்கிறது. புண் ஆறியது, பயம் ஆறவில்லை. விசையை அழுத்தும் நொடியில் கண் தானாக மூடிக்கொள்ளும், தோள் முன்னால் தள்ளும். அது எனக்கே தெரியாது. உடம்பு மனத்தைக் கேட்காமல் செய்கிற காரியம் அது.

அந்தப் பருவத்தில் ஒரு பெண்மான். 180 மீட்டர் இருக்கும். பக்கவாட்டில், அசையாமல், தலை குனிந்து மேய்ந்துகொண்டிருந்தது. அதைவிட நல்ல வாய்ப்பு யாருக்கும் கிடைக்காது. சுட்டேன். முதுகை வில்லாக வளைத்து, நான்கு கால்களையும் சுருக்கிக்கொண்டு, மெதுவாக நடந்து புதருக்குள் போனது. முதுகு வளைந்தால் குடலில் பட்டது என்று பொருள். எனக்குத் துப்பாக்கி பிடிக்கக் கற்றுத்தந்த மாமா அதை நூறு முறை சொல்லியிருந்தார். ஆனால் அந்த நேரத்தில் எதுவும் நினைவுக்கு வரவில்லை. பத்து நிமிடத்தில் இறங்கிப் பின்னால் போனேன். படுத்திருந்தது, என்னைக் கண்டு எழுந்து ஓடியது. மறுபடி போனேன், மறுபடி எழுந்தது. பிறகு மழை வந்தது.

மூன்றாம் நாள் காக்கைகள் காட்டிக்கொடுத்தன. இரண்டு கிலோமீட்டருக்கு அப்பால், ஓடைக் கரையில் கிடந்தது. அந்த மானை மேக்னம் மன்னிக்கவில்லை. அந்தத் துப்பாக்கி இல்லாமலிருந்தால் கண்ணை மூடியிருக்கவும் மாட்டேன்.

செப்டம்பர் 3, சற்று நேரம் கழித்து

பழைய வேட்டைக் குறிப்பேட்டை எடுத்துப் பார்த்தேன். 180 மீட்டர் என்று எழுதியது தவறு. அன்று நானே காலடி எண்ணி எழுதிவைத்திருக்கிறேன்: 140. இத்தனை ஆண்டுகளில் என் மனம் அந்தத் தூரத்தை நாற்பது மீட்டர் நீட்டியிருக்கிறது. தூரமாக இருந்ததால் பிசகியது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு வந்திருக்கிறேன் போலும். 140தான்.

செப்டம்பர் 5

பதில் வந்தது. வாசகர் எழுதியதன் சுருக்கம்: வெடித்தவுடன் பன்றி இடி விழுந்தாற்போல அதே இடத்தில் சரிந்தது. எல்லோரும் கைகுலுக்கிக்கொண்டார்கள். அரை நிமிடம்கூட ஆகவில்லை, எழுந்து நேராக ஓடியது. கிடந்த இடத்தில் ஒரு கைப்பிடி முரட்டு முடி. ரத்தம் சில துளிகள், ஐம்பது மீட்டருக்குப் பிறகு அதுவும் இல்லை.

இதில் ஐயத்துக்கே இடமில்லை. உயரே பட்டிருக்கிறது.

பன்றியின் முதுகெலும்பு நாம் நினைப்பதைவிடக் கீழே ஓடுகிறது, தோளுக்கு அருகில் இன்னும் தாழ்கிறது. அதற்கு மேலே முள்ளெலும்புகளின் நீட்சி, அதற்கு மேல் சதை, கொழுப்பு, பிடரி முடி. வெளியிலிருந்து பார்த்தால் எல்லாம் உடம்பாகத் தெரியும். நடு உடம்பு என்று நாம் குறிவைக்கிற இடம் உண்மையில் மேல் உடம்பு. குண்டு அந்த நீட்சியைத் தட்டிக்கொண்டு போனால் அதிர்ச்சியில் விலங்கு உடனே சரியும், மயக்கம் தெளிந்ததும் எழுந்து ஓடும். நிறைய முடி, கொஞ்சம் ரத்தம், உடனே விழுந்து உடனே எழுந்தது: மூன்றும் ஒரே கதையைச் சொல்கின்றன.

இதய நுரையீரல் பகுதி முன்னங்காலுக்கு மேலே, உடம்பின் கீழ் மூன்றில் ஒரு பங்கில் தொடங்குகிறது. பன்றியில் அது மானைவிட இன்னும் முன்னால் தள்ளி இருக்கும். மானுக்குக் குறிவைத்துப் பழகியவர் அதே பழக்கத்தில் தோளுக்குப் பின்னால் சுட்டால் ஈரலோ குடலோதான் கிடைக்கும். பக்கவாட்டில் நிற்கும் பன்றிக்கு, முன்னங்காலின் கோட்டிலேயே மேலே வந்து, கீழிருந்து மூன்றில் ஒரு பங்கில் நிறுத்துங்கள்.

ஆறுதலாக ஒன்று. அப்படி மேலே பட்ட பன்றிகள் பல பிழைத்துக்கொள்ளும். பழைய குண்டுக் காயம் ஆறிய தழும்புடன் நானே ஒன்றைப் பார்த்திருக்கிறேன். உங்கள் பன்றியும் அப்படியே ஆகியிருக்கலாம்.

செப்டம்பர் 5, இரவு

ஏன் உயரே பட்டது என்பதுதான் இனிக் கேள்வி. சரிவின் கீழ்நோக்கிச் சுட்டீர்கள் அல்லவா? கீழ்நோக்கிச் சுட்டால் குண்டு உயரும், மேல்நோக்கிச் சுட்டால் தாழும். அதுதான் காரணம்.

செப்டம்பர் 6

மேலே எழுதியதில் பாதி தவறு. இன்னொரு வாசகர் திருத்தினார், அவர் சொல்வதுதான் சரி.

மேல்நோக்கிச் சுட்டாலும் கீழ்நோக்கிச் சுட்டாலும் குண்டு குறிக்கு மேலேதான் படும். புவியீர்ப்பு குண்டை இழுக்கும் கணக்கில் கிடைத்தூரம், அதாவது மட்டமாக அளந்த தூரம்தான் பெரும்பாலும் முக்கியம், சாய்வான தூரம் அல்ல. 45 பாகைச் சரிவில் 200 மீட்டர் தூரத்தில் ஒரு மான் நின்றால், கிடைத்தூரம் சுமார் 141 மீட்டர். அந்த 141க்கு வைக்கிற குறியே போதும். மேலே நின்றாலும் கீழே நின்றாலும் கணக்கு ஒன்றுதான்.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். 150 மீட்டரில், 30 பாகைச் சரிவில், .308 குண்டுக்கு இந்த வேறுபாடு இரண்டு சென்டிமீட்டர் அளவுதான். அதை மட்டும் காரணமாக்கியது என் அவசரம். பன்றி தப்பியது இரண்டு சென்டிமீட்டரால் அல்ல. துப்பாக்கியை எந்தத் தூரத்துக்குக் குறிசரி செய்திருந்தீர்கள், அதாவது எந்தத் தூரத்தில் குண்டு குறியிலேயே படும்படி ஸ்கோப்பைத் திருப்பி வைத்திருந்தீர்கள்? எங்கே குறிவைத்தீர்கள்?

செப்டம்பர் 8

இப்போது முழுப் படமும் தெரிகிறது.

துப்பாக்கி 200 மீட்டருக்குக் குறிசரி செய்யப்பட்டது. 150 கிரெயின் எடையுள்ள குண்டு அப்படியானால் 100 மீட்டரிலும் 150 மீட்டரிலும் குறிக்குச் சுமார் 5 சென்டிமீட்டர் மேலே போகும், 300 மீட்டரில் ஏறத்தாழ கால் மீட்டர் கீழே விழும். அதில் பிழை இல்லை, பலர் அப்படித்தான் வைத்திருக்கிறார்கள். ஆனால் வாசகர் சொல்கிறார்: "தூரமாகத் தெரிந்தது, அதனால் குண்டு தாழ்ந்துவிடக்கூடாதென்று முதுகுக் கோட்டுக்குக் கொஞ்சம் கீழே வைத்தேன்."

குறிசரி செய்ததால் 5 சென்டிமீட்டர் மேலே. சரிவால் இரண்டு மேலே. தாழ்ந்துவிடுமோ என்ற பயத்தால் பதினைந்து, இருபது மேலே. எல்லாப் பிழையும் ஒரே பக்கம் சேர்ந்துகொண்டன. மேக்னம் இதைவிடத் தட்டையாகப் போகும். அதே குறியை வைத்திருந்தால் அதுவும் அதே இடத்தில்தான் பட்டிருக்கும்.

200 மீட்டருக்குள் சுடுகிறவர் எந்தக் காலத்திலும் முதுகுக்கு அருகில் குறிவைக்கத் தேவையில்லை. காட்டில் தூரம் பெரும்பாலும் கூடுதலாகத்தான் தெரியும், மங்கிய வெளிச்சத்தில் இன்னும் கூடுதலாக. தூரமானி ஒன்று வாங்குங்கள். புதுத் துப்பாக்கிக்கு ஆகும் செலவில் ஒரு சிறு பங்குதான்.

செப்டம்பர் 9

மூவர் கேட்டிருக்கிறார்கள்: சுட்டபின் எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும்? அரை மணி நேரம்.

செப்டம்பர் 10

"அரை மணி நேரம்" என்று ஒற்றை வரியில் எழுதிவிட்டுப் போனது எனக்கே உறுத்துகிறது. அந்தப் பெண்மானை அரை மணி கழித்துத் தேடியிருந்தாலும் இழந்திருப்பேன். எங்கே பட்டது என்பதைப் பொறுத்துத்தான் நேரம்.

சுட்டவுடன் அடுத்த தோட்டாவை ஏற்றுங்கள், ஸ்கோப்பிலிருந்து கண்ணை எடுக்காதீர்கள். விலங்கு எப்படிப் போனது, கடைசியாக எந்த மரத்தருகே தெரிந்தது என்று மனத்தில் குறித்துக்கொள்ளுங்கள். இறங்குவதற்கு முன், நீங்கள் சுட்ட இடத்திலேயே ஒரு துணியைக் கட்டிவிடுங்கள். அங்கே போய்த் திரும்பிப் பார்க்கும்போது எல்லாப் புதரும் ஒன்றுபோலத் தெரியும். இந்தத் துணி இல்லாமல் நான் ஒருமுறை விலங்கு நின்ற இடத்தையே ஒரு மணி நேரம் தேடியிருக்கிறேன்.

இளஞ்சிவப்பில் நுரைத்த ரத்தம் கிடந்தால் நுரையீரல். அரை மணி போதும், பெரும்பாலும் நூறு, நூற்றைம்பது மீட்டருக்குள் கிடக்கும். கருஞ்சிவப்பு, நுரை இல்லை, உடம்பின் நடுப்பகுதியில் பட்டது என்றால் ஈரல். குறைந்தது மூன்று, நான்கு மணி நேரம். பச்சையோ பழுப்போ கலந்து, நாற்றமும் அடித்தால் குடல். எட்டு மணி நேரமாவது விட்டுவிடுங்கள். மாலையில் சுட்டால் மறுநாள் காலை. அது எங்கோ அருகில் படுத்துக்கொள்ளும். நீங்கள் துரத்தாதவரை எழாது. துரத்தினால் ஓடைக்கரைவரை போகும்.

தடத்தின்மேல் நடக்காமல் பக்கத்தில் நடங்கள். ரத்தம் தெரிந்த ஒவ்வோர் இடத்திலும் ஒரு காகிதத் துண்டைச் செருகிக்கொண்டே போனால், ரத்தம் அறுந்துபோகும்போது திரும்பிப் பார்த்தாலே போகிற திசை புரியும். காய்ந்த இலையில் பழுப்புப் புள்ளி ரத்தமா கறையா என்று ஐயம் வந்தால் ஹைட்ரஜன் பெராக்சைடு ஒரு துளி விடுங்கள். ரத்தமானால் நுரைக்கும். இலைகளின் மேற்பக்கத்தை மட்டும் பார்க்காமல் இடுப்பு உயரத்தில் புல்லையும் பாருங்கள், உடம்பில் உரசிய ரத்தம் அங்கேதான் இருக்கும். பழக்கிய தடநாய் கிடைத்தால், நீங்கள் மிதித்துக் கலைப்பதற்கு முன்பே அழைத்துவிடுங்கள். சட்டம் அனுமதிக்கிறதா என்று முன்கூட்டியே கேட்டுவைத்துக்கொள்ளுங்கள்.

காயம்பட்ட ஆண் பன்றியின் பின்னால் தனியாகப் போகாதீர்கள். அது தன் தடத்தின் பக்கமே திரும்பிப் படுத்துக் காத்திருக்கும்.

செப்டம்பர் 14

தோட்டாவைப் பற்றிப் பேசும்போது இதையும் சொல்ல வேண்டும். ரவைத் துப்பாக்கி வைத்திருக்கும் ஒருவர், 12 போரும் 20 போரும் ஒரே பையில் கொண்டுபோவதாக எழுதியிருக்கிறார். இன்றே பிரித்துவிடுங்கள்.

போர் எண் பெரிதானால் குழல் சிறிது. ஒரு பவுண்டு ஈயத்தை 12 சம உருண்டைகளாக்கினால் ஓர் உருண்டையின் விட்டம் 12 போர், 20 ஆக்கினால் 20 போர். கணக்கு அப்படி வந்தது. 20 போர் தோட்டாவைத் தெரியாமல் 12 போர் துப்பாக்கியில் போட்டால் அது தோட்டா உட்காரும் அறையில் நிற்காமல் நழுவிக் குழலுக்குள் போய்ச் சிக்கிக்கொள்ளும். கையில் திறந்து பார்க்கும்போது அறை காலியாகத் தெரியும். தோட்டா போட மறந்துவிட்டோம் என்று 12 போர் தோட்டாவைப் போட்டுச் சுட்டால் குழல் வெடிக்கும், அதைத் தாங்கிப் பிடிக்கும் கை இருக்கும் இடத்திலேயே. 20 போர் தோட்டாவுக்கு மஞ்சள் நிறம் கொடுத்ததே இதற்காகத்தான். பழைய தோட்டாக்களில் அந்த நிறத்தை நம்பவும் முடியாது.

விசையை அழுத்தியும் வெடிக்காத தோட்டாவுக்கும் இதே எச்சரிக்கை. குழலைப் பாதுகாப்பான திசையிலேயே வைத்துக்கொண்டு, திறக்காமல், ஒரு நிமிடம் காத்திருங்கள். தாமதமாக வெடிப்பது உண்டு. வெடித்த ஒலி வழக்கத்தைவிடச் சன்னமாக இருந்தால் அடுத்ததைச் சுடாதீர்கள். குண்டு குழலிலேயே நின்றிருக்கலாம். தோட்டாவை எடுத்துவிட்டு, அறைப் பக்கத்திலிருந்து வெளிச்சம் தெரிகிறதா என்று பாருங்கள்.

செப்டம்பர் 15

யாரும் கேட்கவில்லை, ஆனாலும் எழுதுகிறேன்: காது. ரைபிள் வெடிப்பின் உச்ச ஒலி 140 டெசிபலைச் சாதாரணமாகத் தாண்டும். அந்த அளவில் ஒரே வெடிகூட நிரந்தரச் சேதம் செய்யக்கூடும். மாமாவுக்கு வலது பக்கம் நின்று பேசினால்தான் கேட்கும். ரைபிளை வலத்தோளில் வைத்துச் சுடுகிறவருக்கு இடது காதுதான் குழல்முனைக்கு நேராக இருக்கும். இலையின் சலசலப்பை விட்டுக்கொடுக்காமல் வெடிச்சத்தத்தை மட்டும் அடக்கும் மின்னணுக் காதடைப்பு இப்போது கிடைக்கிறது. பயிற்சித் திடலில் மட்டுமல்ல, காட்டிலும் போடுங்கள்.

செப்டம்பர் 21

"அப்படியானால் எனக்கு எத்தனை மீட்டர்வரை சுடத் தகுதி?" என்று வாசகர் கேட்டிருக்கிறார். இந்த இழையில் வந்த நல்ல கேள்வி இது.

ஒரு சாப்பாட்டுத் தட்டைவிடச் சிறிய வட்டம், 20 சென்டிமீட்டர், காகிதத்தில் வரையுங்கள். நடுத்தர மானின் இதய நுரையீரல் பகுதி ஏறத்தாழ அவ்வளவுதான். மேசைமேல் மணல்மூட்டை வைத்துச் சுடாதீர்கள். காட்டில் மேசை கிடையாது. உட்கார்ந்து, முழங்கையைத் தொடைமேல் ஊன்றி. மண்டியிட்டு. மரத்தில் சாய்ந்து. கவைக்கோலில் தாங்கி. நூறு மீட்டர் ஓடிவந்து மூச்சு வாங்கும்போதும். ஒரு நாளைக்கு ஒரு நிலையில் ஒரே ஒரு தோட்டா, குழல் குளிர்ந்திருக்கும்போது. ஐந்து நாள் ஐந்து தோட்டா. ஐந்தும் வட்டத்துக்குள் விழுந்தால் அது உங்கள் தூரம். ஒன்று வெளியே போனால் உங்கள் தூரம் இன்னும் குறைவு.

குளிர்ந்த குழல் என்று அழுத்திச் சொல்வதற்குக் காரணம், விலங்குக்கு நீங்கள் கொடுக்கப்போவது எப்போதும் முதல் தோட்டாதான். எண்ணெய் பூசிய குழலின் முதல் குண்டு வேறு இடத்தில் படும். வேட்டைக்கு முந்தைய நாள் துடைத்து உலர்த்திவிட்டு, ஓரிரு தோட்டா சுட்டு அப்படியே எடுத்துச் செல்லுங்கள்.

என் தூரம்? மண்டியிட்டு 120. தாங்கி உட்கார்ந்தால் 200. இருபது ஆண்டுக்குப் பிறகும் அவ்வளவுதான்.

செப்டம்பர் 22

காற்றை விட்டுவிட்டேன். மணிக்கு 16 கிலோமீட்டர் வேகத்தில் பக்கக் காற்று, அதாவது இலைகளும் சிறு குச்சிகளும் ஓயாமல் அசைகிற அளவு. அதே .308 குண்டை 100 மீட்டரில் இரண்டு சென்டிமீட்டர்தான் தள்ளும். 200இல் ஏறத்தாழ ஒன்பது, பத்து. 300இல் இருபதுக்கு மேல். தூரம் இரட்டித்தால் விலகல் நான்கு மடங்கு என்று வைத்துக்கொள்ளலாம். மாரில் வைத்த குறி 300 மீட்டரில் குடலுக்குப் போக இதுவே போதும்.

மோப்பத்துக்கும் அதே காற்றுதான். பரணில் உட்காருமுன் ஒரு சிட்டிகை மாவை ஊதிவிட்டுப் பாருங்கள். மாலையில் சரிவுகளில் காற்று கீழே இறங்கும், காலை வெயில் ஏற ஏற மேலே ஏறும். காலையில் சரியாக இருந்த பரண் மாலையில் உங்களைக் காட்டிக்கொடுக்கும்.

பரண் என்றதும், ஏறும்போதே முழு உடல் பாதுகாப்பு வாரைக் கட்டுங்கள், உட்கார்ந்தபிறகு அல்ல. விழுவது ஏறும்போதும் இறங்கும்போதும்தான். துப்பாக்கியைத் தோளில் மாட்டிக்கொண்டு ஏறாதீர்கள். தோட்டாவை எடுத்துவிட்டு, கயிற்றில் கட்டி, குழல் கீழ்நோக்கி இருக்க மேலே இழுத்துக்கொள்ளுங்கள்.

அக்டோபர் 1

ஒருவர் கோபமாக எழுதியிருக்கிறார்: "பெரிய தோட்டாவே வேண்டாமென்றால் அதை ஏன் தயாரிக்கிறார்கள்?"

வேண்டாமென்று நான் சொல்லவில்லை. பெரிய விலங்குக்கும் நீண்ட தூரத்துக்கும் அது வேண்டும். உதையைத் தாங்கிப் பழகியவர் கையில் அது நல்ல கருவி. மாமா .30-06 வைத்திருந்தார், 1906இல் வந்த தோட்டா. கடைசிவரை அதை மாற்றவில்லை. ஆனால் பிழை செய்வேன், அதைத் தோட்டா சரிசெய்யும் என்று நினைத்து வாங்குகிறவருக்கு அது பிழையை இரண்டாக்கும். என் சொந்த அனுபவத்தில் கற்றது இது. ஒரு மானின் செலவில் கற்றது.

கண் மூடுகிறதா என்று எப்படித் தெரியும்? நண்பரை அருகில் உட்காரவைத்து, அவரே துப்பாக்கியில் தோட்டா போட்டுக் கொடுக்கட்டும். சிலமுறை உண்மைத் தோட்டா, சிலமுறை பொய்த்தோட்டா, எது என்று உங்களுக்குத் தெரியக்கூடாது. பொய்த்தோட்டா வரும்போது குழல்முனை குதித்தால் உங்கள் உடம்பு பயப்படுகிறது. மருந்து ஒன்றுதான்: சிறிய .22 தோட்டாவுக்குத் திரும்பிப்போய் ஆயிரம் சுடுங்கள். நான் அந்த மேக்னத்தை விற்றபின் ஓராண்டு அதைத்தான் செய்தேன்.

.22 சிறியது என்று பின்புறம் பார்க்காமல் சுடாதீர்கள். அந்தக் குண்டு ஒன்றரைக் கிலோமீட்டருக்கு மேலும் போகும்.

அக்டோபர் 12

குண்டின் வகையைப் பற்றிக் கேட்டவருக்கு. ஈயக் குண்டு விரியும்போது துகள்களாகச் சிதறுகிறது. காயத்திலிருந்து வெகுதூரம்வரை இறைச்சியில் கண்ணுக்குத் தெரியாத துகள்கள் இருப்பதை எக்ஸ்ரேயில் பார்க்கலாம். விட்டுவந்த குடலைத் தின்னும் கழுகுகளுக்கும் அதே ஈயம் போகிறது. அமெரிக்காவில் நீர்ப்பறவை வேட்டைக்கு ஈய ரவையை 1991இலேயே நாடு முழுக்கத் தடைசெய்துவிட்டார்கள். நான் ஐந்து ஆண்டாகச் செம்புக் குண்டுதான். செம்பு ஈயத்தைவிட அடர்த்தி குறைந்தது. அதே எடைக்கு நீளமாக இருக்கும், அதனால் எல்லாக் குழலும் ஒரே மாதிரி விரும்பாது. மாற்றினால் குறியை முதலிலிருந்து சரிசெய்யுங்கள். பழைய குண்டுக்கு வைத்த குறியோடு புதுக் குண்டைக் காட்டுக்குக் கொண்டுபோகாதீர்கள்.

நவம்பர் 20

வாசகர் ஐந்து நாள் காகிதங்களின் படங்களை அனுப்பியிருக்கிறார். 100 மீட்டர், உட்கார்ந்த நிலை. நான்கு வட்டத்துக்குள், ஒன்று வட்டத்துக்கு வெளியே, வலது மேல்மூலையில். "அது என் கை நடுக்கம், கணக்கில் சேர்க்க வேண்டாம்" என்கிறார்.

சேர்க்க வேண்டும். காட்டிலும் அதே கைதான். ஆனால் அந்த ஐந்தாவது என்னை யோசிக்கவைக்கிறது. மற்ற நான்கும் ஒரு கைப்பிடிக்குள் நெருங்கி விழுந்திருக்கின்றன. கை நடுங்குகிறவரின் காகிதம் இப்படி இருக்காது. அது சிதறலாக இருக்கும். இது கை அல்ல, கருவி. ஸ்கோப்பைத் துப்பாக்கியோடு பிணைக்கும் அடித்தளத் திருகுகளைப் பார்த்தீர்களா?

நவம்பர் 23

பார்த்திருக்கிறார். ஸ்கோப்பைப் பிடித்திருக்கும் பின்வளையத்தின் திருகு விரலாலேயே சுழன்றதாம். சென்ற பருவத்திலும் அப்படியே இருந்ததா என்று இப்போது யாராலும் சொல்ல முடியாது. இருந்திருந்தால், செப்டம்பர் 8இல் நான் கூட்டிப்போட்ட கணக்கில் இன்னொரு பிழையும் சேர்கிறது. "முழுப் படமும் தெரிகிறது" என்று அன்று எழுதியதைத் திரும்பப் பெறுகிறேன். முதுகருகே வைத்த குறி மட்டும் இன்னும் நிற்கிறது.

முதல் நாள் கேட்ட ஸ்கோப் கேள்விக்கு இப்போது பதில். இருப்பதே போதும். 3 முதல் 9 மடங்குவரை பெருக்கும் 40 மில்லிமீட்டர் ஸ்கோப், 200 மீட்டருக்குள் சுடுகிறவருக்கு அதற்குமேல் எதுவும் தேவையில்லை. நடக்கும்போது 3இல் வைத்திருங்கள். பக்கத்தில் எழும் பன்றியை 9இல் தேடினால் முடிதான் தெரியும். திருகுகளை எல்லாம் கழற்றி, எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்து, முறுக்குமானியால் அளவோடு இறுக்குங்கள். திருகின் தலைக்கும் வளையத்துக்கும் குறுக்கே நகப்பூச்சால் ஒரு கோடு இழுத்துவிடுங்கள். கோடு உடைந்தால் திருகு நகர்ந்திருக்கிறது என்று வீட்டை விட்டுக் கிளம்புமுன்னே தெரிந்துவிடும். பிறகு 25 மீட்டரில் தொடங்கி 100க்குப் போய், மூன்று தோட்டா சுட்டுவிட்டு, மறுபடி ஐந்து நாள், ஐந்து தோட்டா. அந்தக் காகிதங்களை அனுப்புங்கள்.